கருமண்ணனின் வலது கால்

பதினோராவது வளைவிலும் வண்டி துள்ளியது. பெரிய துள்ளல் ஒன்றுமில்லை, நிலையில் நிற்கிற தேரை முதல் இழுப்பு இழுக்கும்போது வருகிற அசைவு அளவுக்குத்தான். ஆனால் சௌதாமினி மேடம் பிளாஸ்க் மூடியில் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோன தேநீர், பாதி அவர் மடியிலும் பாதி பக்கத்து இருக்கை மணல் மூட்டையின் மேலும் கொட்டுவதற்கு அது தாராளமாகப் போதும். "ச்சே" என்றார். செங்கோடன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மன்னிப்புக் கேட்கிற முகம் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும், அந்த நேரத்துக்கு அவனிடம் அந்த முகம் இல்லை. உண்மையைச் சொன்னால் அவனுக்குப் பெருமையாக இருந்தது. துள்ளியதில்கூடப் பெருமை. இத்தனை மணல் மூட்டையை ஏற்றிக்கொண்டு, இந்தச் செங்குத்தில், இரண்டாவது கியரில், மிதித்த மாத்திரத்தில் துள்ளுகிற பேருந்தைக் கொல்லிமலை இதுவரை பார்த்திருக்காது. இந்த மலைக்கு வருகிற வண்டியெல்லாம் மிதித்தால் முதலில் ஒரு பெருமூச்சு விடும், அப்புறம் யோசிக்கும், அப்புறம் புகை கக்கும், அப்புறம்தான் மனசு வைக்கும். அந்த யோசனைக்குப் பெயர்தான் டர்போ லேக். அதை ஒழிப்பதற்காக ஓசூரில் ஒரு பேருந்துக் கம்பெனியின் பின்பக்கக் கொட்டகையில் நான்கு வருஷம் தலையைக் கொடுத்திருந்தான் அவன். ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில், மடியில் கணினியை வைத்துக்கொண்டு, திரையில் ஓடுகிற பச்சைக்கோட்டையும் சிவப்புக்கோட்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு உள்ளுக்குள் விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. விசில் அடிக்கத் தெரியாது, அது வேறு விஷயம். பேருந்தில் ஆட்கள் நாலே பேர்: அவன், அவனுக்கு மேலதிகாரியான மேடம், ஸ்டியரிங்கில் கருமண்ணன், படிக்கட்டில் கிளீனர் மாதேஷ். மற்ற இருக்கையெல்லாம் மூட்டைகள். சோதனை ஓட்டத்தில் பயணிகளை ஏற்றக்கூடாது என்பதால் ஆளுக்கொரு மூட்டையாக மணலைக் கட்டி உட்காரவைத்திருந்தார்கள். அடிவாரத்தில் ஏறியதும் மாதேஷ் பழக்கதோஷத்தில் முன்வரிசை மூட்டையைத் தட்டி, "கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அப்புறம் தன்னைத்தானே திட்டிக்கொண்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். செங்கோடனும் சிரித்தான், மூன்றாவது வளைவு வந்த பிறகு.

அப்படித்தான் அவன். யாராவது ஒரு வேடிக்கை சொன்னால் அது அவன் காதில் விழுந்து, உள்ளே போய், ஒவ்வொரு அறையாகக் கதவைத் தட்டி, சரியான ஆளைக் கண்டுபிடித்து எழுப்பி, அந்த ஆள் முகத்துக்கு வந்து சிரிப்பதற்குள் வெளியே பேச்சு வேறு ஊருக்குப் போயிருக்கும். திருச்செங்கோட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வைத்த பெயர் டியூப்லைட். போட்டதும் எரியாது, நாலு தடவை மினுக்கி மினுக்கி அப்புறம் எரியும். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், விடை தெரியும், விடை வந்துகொண்டே இருக்கும், வாத்தியார் "என்றா, வாய்க்குள்ள கொழுக்கட்டையா?" என்று கேட்டுவிட்டு அடுத்தவனிடம் போய்விடுவார், அடுத்தவனுக்கான கேள்வி பாதியில் இருக்கும்போது இவன் விடையைச் சொல்வான். சரியான விடைதான். எப்போதும் சரியான விடைதான், அதுதான் கொடுமை. பிந்தி வந்த சரிக்கு எந்த வாத்தியாரும் மதிப்பெண் போடுவதில்லை. அந்தப் பெயர் கல்லூரிக்குக் கூடவே வந்தது, ஓசூருக்கும் வந்தது, யார் சொல்லி வந்ததோ தெரியாது, பெயர்கள் பஸ் ஏறி வரும்போல. இப்போது காலையில் அடிவாரத்துத் தேநீர்க் கடையில் மேடமே சொன்னார், பாசமாகத்தான் சொன்னார், "நம்ம செங்கோடன் கொஞ்சம் டியூப்லைட், ஆனா எரிஞ்சா நல்ல வெளிச்சம்." கருமண்ணன் டம்ளருக்குள் சிரித்தார். சிரிக்கட்டும். இதோ அந்த டியூப்லைட் கட்டின வண்டி மிதிப்பதற்குள் எரிகிறது. இதைக் கணக்கு வாத்தியாரிடம் சொல்ல வேண்டும், இப்போதே அவரை ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டு உட்காரவைத்து, மிதிங்க சார், நீங்களே மிதிச்சுப் பாருங்க என்று சொல்ல வேண்டும், அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, பதின்மூன்றாவது வளைவு, மறுபடியும் துள்ளல், இந்தத் தடவை மேடம் பிளாஸ்க்கை மூடி வைத்துவிட்டார். அது இன்னும் மோசம்.

டர்போ நல்ல வேலைக்காரன்தான், அதில் செங்கோடனுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் சோறு போட்டால்தான் எழுந்திருப்பான். அவனுக்குச் சோறு என்ஜின் கக்குகிற புகை. புகை வேகமாக வந்து அடித்தால்தான் டர்போவின் சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால்தான் என்ஜினுக்குள் காற்றைத் திணிக்க முடியும், காற்று திணித்தால்தான் எண்ணெய் நன்றாக எரிந்து புகை வேகமாக வரும். கோழியா முட்டையா கதைதான். சமவெளியில் ஓடுகிற வண்டிக்கு இது தெரியாது, டர்போ விழித்தே இருப்பான். மலை வளைவில் வண்டி ஆமையாய்த் திரும்பும்போது என்ஜின் தணிந்துபோகும், புகை குறையும், டர்போ கண்ணை மூடிவிடுவான், வளைவு முடிந்து ஏற்றத்தில் மிதிக்கிறபோது அவனை எழுப்ப ஒன்றரை விநாடி, இரண்டு விநாடி, வண்டி பழையது என்றால் இன்னும் கூட. இந்த இடைவெளியில்தான் செங்கோடன் தன்னுடைய எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜரைக் கொண்டுபோய் வைத்தான். ஒரு தேங்காய் அளவுதான் இருக்கும். பேட்டரியில் சுற்றுவது, யாருடைய புகைக்கும் காத்திருக்காதது. காலடி பட்டதும் எழுந்து, டர்போ விழிக்கும்வரை காற்றைக் கொடுத்துவிட்டு, அவன் விழித்ததும் ஒரு வார்த்தை பேசாமல் ஒதுங்கிக்கொள்ளும். கொட்டகையில் அதற்கு ஃபேன் என்று பெயர், அவனுக்கு ஃபேன்காரர். "செங்கோடன் சாருக்கென்ன, வேர்த்தா என்ஜினுக்கும் காத்து, அவருக்கும் காத்து." சொன்னவர்களுக்குத் தெரியாது, ஊதுவது பெரிய காரியமே இல்லை, ஒதுங்குவதுதான் காரியம். ஃபேன் சீக்கிரம் ஒதுங்கினால் வண்டி நடுவில் ஒரு மூச்சு விட்டுவிடும், தாமதமாக ஒதுங்கினால் இரண்டு பேரும் சேர்ந்து ஊதி இடித்துக்கொள்வார்கள். அந்த ஒரு கைமாற்றத்திலேயே இரண்டு வருஷம் போயிற்று. கடைசியில் வழி கிடைத்தது வீட்டில், குழந்தை தோளில் தூங்கிப்போயிருக்க, மனைவி மேகலை அவளை வாங்கிக்கொள்ள வந்த ஒரு சாயங்காலம். மேகலை இழுக்கவில்லை. தன் தோளை இவன் தோளோடு ஒட்டவைத்து, கொஞ்ச நேரம் குழந்தை இரண்டு பேர் மேலும் இருக்கும்படி நின்றாள். அப்புறம் இவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், இவன் நகர்ந்தான், குழந்தைக்குத் தெரியவே தெரியாது. செங்கோடன் அப்படியே நின்றான், கை இன்னும் குழந்தை இருந்த இடத்தில் வளைந்திருந்தது. "என்னங்க?" என்றாள் மேகலை. ஒன்றுமில்லை என்று அவன் சொன்னபோது அவள் குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு வந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"செங்கோடன்." மேடம் எழுந்து, மூட்டைகளின் தலையைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து, அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் தேநீர்க் கறை காய்ந்துகொண்டிருந்தது. சௌதாமினி கெட்டவர் இல்லை, இந்தத் திட்டத்துக்கு மூன்று தடவை பணம் வாங்கிக் கொடுத்தவரே அவர்தான், அதனால்தான் அவர் சொல்வதைச் சுலபமாகத் தட்ட முடியாது. "டிரைவர் மேல தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. இத்தனை வருஷமா வண்டி லேட்டா வரும்னு தெரிஞ்சு அவங்க முன்னாடியே மிதிச்சுப் பழகிட்டாங்க. வளைவு முடியறதுக்கு முன்னாலயே கால் போயிடுது. உங்க வண்டி உடனே கேட்டுடுது. நடு வளைவுல இழுக்குது. அவ்வளவுதான்." அவ்வளவுதான். செங்கோடன் தலையாட்டினான். "இந்த மலையில மட்டும் இல்ல, ஊட்டி, வால்பாறை, எல்லா டிரைவரும் இப்படித்தான் மிதிப்பாங்க. எல்லா வண்டியும் துள்ளும். பேசஞ்சர் வாந்தி எடுப்பாங்க. அடுத்த வாரம் இதைப் பாஸ் பண்ற கமிட்டியில டிரைவர்ங்களுக்குப் பிடிக்கலைன்னு ஒரு வரி வந்தா போதும், ஃபேனையே கழட்டிடுவாங்க." பிறகு குரலைத் தணித்து, "ஒரு டிலே வெச்சுடுங்க. மிதிச்ச உடனே வேண்டாம், பழைய வண்டி மாதிரி ஒரு ஒன்றரை செகண்ட் கழிச்சு ஃபேன் எழுந்திருக்கட்டும். சாஃப்ட்வேர்ல ஒரு நம்பர்தானே? புகையாவது குறையும், ஃபேனாவது மிஞ்சும். இப்பவே சொல்ல வேண்டாம், உங்களுக்கு டைம் ஆகும்னு எனக்குத் தெரியும்," சிரித்தார், "மேல போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லுங்க." சொல்லிவிட்டுத் தன் மூட்டைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். செங்கோடன் வாயைத் திறந்தபோது அவர் செல்பேசியில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்.

ஒரு நம்பர்தான். அது அவன் மடியிலேயே இருக்கிறது, திரையின் வலது மூலையில், ஒரு சின்னப் பெட்டிக்குள். தாமதம் என்று எழுதி எதிரே ஒரு சைபர். அந்தச் சைபரை அங்கே கொண்டுவந்து வைப்பதற்கு அவன் பட்ட பாடு, முதலில் அங்கே பெரிய எண்ணாக இருந்தது, பிறகு சின்ன எண், பிறகு புள்ளிக்குப் பின்னால் எண்கள், ஒவ்வொன்றாக உதிர்ந்து, ஒருநாள் காலையில் பெட்டி வெறும் முட்டையாக நின்றபோது கொட்டகையில் யாரும் இல்லை, வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் காட்டினான், அவர் "சைபரா? பரவால்லீங்க சார், அடுத்த தடவ நல்லா வரும்" என்றார். இப்போது அதை அழித்து ஒன்று, புள்ளி, ஐந்து. மூன்று தட்டு. யாருக்கும் தெரியாது. வண்டி துள்ளாது. கமிட்டி கைதட்டும். ஃபேன் மூடிக்குள் இருக்கும், அதன்மேல் கம்பெனி பெயர் ஒட்டியிருக்கும், எழுந்திருக்கத் தெரிந்தும் எழுந்திருக்காமல், ஒன்றரை விநாடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், தெரிந்த விடையை வாய்க்குள் வைத்துக்கொண்டு நிற்கிற பையனைப்போல. அதை நினைத்தபோது செங்கோடனுக்கு என்னவோ வந்தது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை, அது தெரியவும் நேரம் ஆகும். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் கழட்டிவிடுவார்கள். கழட்டினால் கொட்டகையில் ஒரு மூலையில், ஏற்கனவே கழட்டிப் போட்ட கியர்பெட்டிகளோடு, தூசியில். வேண்டாம் என்றால் ஒன்றுமே இல்லை, சரி என்றால் பாதி இருக்கிறது. பாதி இருக்கிறதா? ஒன்றரை விநாடி கழிந்தால் டர்போவே அரைத்தூக்கத்தில் எழுந்துவிடுவானே, அப்புறம் ஃபேனுக்கு அங்கே என்ன வேலை, மேல போய்ச் சேர்றதுக்குள்ள, இருபத்தாறு என்று ஒரு பலகை போயிற்று, எழுபதில் இருபத்தாறு, இன்னும் நேரம் இருக்கிறது, நேரம் இருக்கிறது என்பதே ஒரு தைரியம். ராசிபுரத்தில் பெண் பார்க்கப் போனபோதும் நேரம் இருக்கிறது என்றுதான் நினைத்தான். மொட்டை மாடியில் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் பெரியவர்கள் இறங்கிப் போனார்கள். மேகலை நேராகப் பார்த்து, "என்னைப் பிடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டாள். இவனுக்குப் பிடித்துப்போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. ஆனால் ஒரு பெண் இப்படிப் பளிச்சென்று கேட்கிறாளே என்று ஆச்சரியப்பட்டு முடிக்கவே நேரம் போதவில்லை. கீழேயிருந்து கூப்பிட்டார்கள். படியில் இறங்கும்போது "ரொம்ப" என்றான். முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது அவளுடைய அம்மா. அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மேலே நின்ற மேகலை சிரித்த சிரிப்பு இன்னும் அந்த வீட்டுச் சுவரில் இருக்கும்.

வண்டி போய்க்கொண்டிருந்தது. மிளகுக்கொடி சுற்றிய மரங்கள், குரங்குகள், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பலாச்சுளை தின்னும் இரண்டு பேர், அவர்கள் மூட்டைகளைப் பயணிகள் என்று நினைத்துக் கையாட்டினார்கள். ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வர ஆரம்பித்திருந்தது. செங்கோடன் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கருமண்ணனின் காலைப் பார்த்தான். கருமண்ணன் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் விட்டுவிட்டு வெறுங்காலில்தான் ஓட்டுவார். இந்த மலையில் தனியார் பஸ் ஓட்டியே தலை நரைத்தவர், கம்பெனி அவரை ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கியிருந்தது. வலது கால் பெருவிரல் நகம் கறுத்து, குதிகால் வெடித்து, பார்வைக்கு ஒன்றும் விசேஷமில்லாத கால். ஆனால் அது ஆக்சிலரேட்டரின் மேல் இருந்த விதம், அப்பப்பா, கைக்குழந்தையின் உச்சந்தலையில் கை வைப்பதுபோல் வைத்திருந்தார். வளைவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கால் தயாரானது. இப்போது மிதித்தால் அங்கே கிடைக்கும், இந்த வளைவுக்கு இவ்வளவு முன்னால், அடுத்த வளைவுக்குக் கொஞ்சம் பின்னால், மழைக்காலத்தில் வேறு, கூட்டம் ஏறினால் வேறு. செங்கோடன் நாலு வருஷம் அளந்து அளந்து கண்டுபிடித்த தாமதம் முழுவதும் அந்தக் காலுக்குள் இருந்தது, ஒரு வளைவு விடாமல். இவன் அதை என்ஜினில் தேடினான், பாதி தாமதம் இங்கே வெடித்த குதிகாலில் உட்கார்ந்திருக்கிறது. டர்போ தூங்குவான் என்று தெரிந்து, அவனை முன்கூட்டியே உசுப்பி, உள்ளே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பேருந்தைக் கரையேற்றியிருக்கிறது இந்தக் கால். அதைத் துள்ளுகிறது, துள்ளுகிறது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டோம். செங்கோடனுக்குச் சட்டென்று, இல்லை, சட்டென்று இல்லை, இரண்டு வளைவு யோசித்த பிறகு, அந்தக் காலின் மேலும் பெருமை வந்தது. சொந்தக்காரன் ஒருவனைக் கூட்டத்தில் கண்டுபிடித்ததுபோல் இருந்தது. நீயும் நானும் ஒரே ஆளோடுதான் இத்தனை நாள் மல்லுக்கட்டினோம் என்று அந்தக் காலிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. காலிடம் எப்படிச் சொல்வது.

அப்போதுதான் பச்சைக்கோட்டைக் கவனித்தான். பச்சை என்பது கால், சிவப்பு என்பது இழுவை. அடிவாரத்தில் பச்சை எழும்பியது வளைவின் நடுவில். இருபதுகளில் கொஞ்சம் தள்ளி. நாற்பதைத் தாண்டியபோது இன்னும் தள்ளி. இப்போது ஐம்பத்திரண்டு, பச்சை எழும்பியது வளைவு முடிந்து சக்கரம் நேரான பிறகு, சிவப்பு அதன் நிழல்போல் கூடவே எழும்பியது, இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் இல்லை. கடைசியாக எப்போது துள்ளியது? யோசித்துப் பார்த்தான். நினைவில்லை. துள்ளாததை யார் நினைவில் வைப்பார்கள். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, அவரும் யாரிடமும் கேட்கவில்லை, ஆனால் கால் கற்றுக்கொண்டுவிட்டது. இருபது வருஷப் பழக்கத்தை நாற்பது வளைவில் தூக்கிப் போட்டுவிட்டது. செங்கோடன் திரும்பி மேடத்தைப் பார்த்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு கையில் பிளாஸ்க் மூடி, அதில் மறுபடியும் தேநீர், சிந்திவிடும் என்று பயந்து ஜன்னல் பக்கமாக நீட்டிப் பிடித்தபடியே அசந்துபோயிருந்தார். எழுப்பிச் சொல்லலாமா? மேடம், துள்ளல் நின்றுவிட்டது, பாருங்கள் ஒன்றுமே நடக்கவில்லை, எவ்வளவு நன்றாக ஒன்றுமே நடக்கவில்லை. யாராவது இப்படிச் சொல்வார்களா. நான் செய்த வேலை நன்றாக இருந்தால் அது இருப்பதே யாருக்கும் தெரியாது, நன்றாக இல்லாவிட்டால் மடியில் தேநீர் கொட்டும். இது என்ன பிழைப்பு. ஆனாலும் இந்தப் பிழைப்புக்குத்தான் அவன் நெஞ்சு விரிந்துபோய்ச் சட்டைப் பொத்தான் இறுகியது, ஐம்பத்தெட்டு, மேல போய்ச் சேர்றதுக்குள்ள, இன்னும் பன்னிரண்டு பலகை.

அறுபத்தோராவது வளைவுக்கு இங்கே ஓட்டுகிறவர்கள் முக்குகிற வளைவு என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்த வண்டியும் அங்கே முக்கும். மேலேயிருந்து வண்டி வந்தால் நடு வளைவில் நின்று வழிவிட வேண்டும், நின்ற வண்டியை அந்தச் செங்குத்தில் மறுபடி எடுக்கும்போது, டர்போ விழிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், பேருந்து ஒரு சாண் பின்னால் வரும். அதற்காகவே கிளீனர்கள் கையில் முட்டுக்கட்டையோடு வருவார்கள். வண்டி நின்றதும் குதித்து, பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையை வைக்க வேண்டும், வண்டி பின்னால் வந்து கட்டையில் டொக்கென்று உட்காரும், பிறகு முன்னால் கிளம்பும், கிளீனர் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். மாதேஷ் இதை எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பாரோ. அந்த டொக் செங்கோடனுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த மலைக்கு ஒரு சாதாரணப் பயணியாக வந்தபோது, பேருந்து பின்னால் சறுக்க, பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண் ஒரு சத்தமும் போடாமல் இவன் முழங்கையைப் பிடித்தாள். ஐந்து விரலும் பதிந்தன. அந்த ஒரு சாணுக்குள் அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. டொக். கையை எடுத்துக்கொண்டாள். மன்னிச்சுக்குங்க அண்ணா என்றாள். இவன் கம்பியைப் பிடித்தது அதற்கும் அப்புறம். அந்த விரல்கள் இன்னும் முழங்கையில் இருக்கின்றன, மழைக்காலத்தில் தெரியும். யோசித்துப் பார்த்தால் நாலு வருஷமும் அந்த ஒரு சாணுக்காகத்தான், அதைக் கமிட்டியிடம் எப்படிச் சொல்வது, முழங்கையைக் காட்டியா, வண்டி நின்றது. எதிரே வாழைத்தார் ஏற்றிய டெம்போ ஒன்று, ஹாரனை அழுத்திக்கொண்டு, இவர்கள் ஒதுங்குவார்கள் என்ற நம்பிக்கையில் வந்துகொண்டிருந்தது. பேருந்து நடு வளைவில், மூக்கு வானத்தைப் பார்க்க, முழுப் பாரத்தோடு நின்றது. மூட்டைகள் எல்லாம் ஒருசேரப் பின்னால் சாய்ந்தன. யாரும் சொல்லாமலே மாதேஷ் கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்துவிட்டார்.

வண்டி நின்றதும் மேடம் கண் விழித்தார். சுற்றிலும் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது. டெம்போ உரசிக்கொண்டு கீழே போயிற்று. "செங்கோடன், இங்க துள்ளுச்சுன்னா என்ன ஆகும்? அந்த நம்பரை இப்பவே…"

"வேண்டாமுங்க மேடம்."

சொன்னது யார் என்று செங்கோடன் ஒரு கணம் தேடினான். குரல் அவனுடையதுதான். அவர் வாக்கியம் இன்னும் முடியவில்லை, அவருடைய வாய் பாதியில் நின்றிருந்தது, அதற்குள் இவனுடைய விடை வெளியே வந்து நின்றுவிட்டது. வந்ததும் வந்தது, பின்னாலேயே மற்றதும் வந்தது. "தாமதம் வெக்க மாட்டனுங்க. வெச்சா அது ஃபேனே இல்லீங்க. கமிட்டி கழட்டறதுன்னா கழட்டட்டும், தெரிஞ்ச வேலைய செய்யாம உக்காந்திருக்கச் சொல்லி நான் எழுதித் தர மாட்டன். இவரு காலு கத்துக்கிச்சுங்க. நாப்பதுக்கு மேல வண்டி துள்ளவே இல்ல. நீங்க தூங்கிட்டீங்க, அதாங்க சாட்சி." மூச்சு வாங்கியது. இவ்வளவு நீளமாக அவன் பேசி மேடம் கேட்டதில்லை, அவனே கேட்டதில்லை. முன்னால் கருமண்ணன் திரும்பாமல், கண்ணாடியில் மட்டும் பார்த்து, "எடுக்கட்டுங்களா சார்?" என்றார். அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்று செங்கோடனுக்குத் தெரிந்தது. பின்னால் சறுக்குகிற அந்த ஒரு சாணில் அவருடைய இருபது வருஷம் இருந்தது. "எடுங்க" என்றான்.

கால் இறங்கியது. முன்கூட்டி இல்லை, பிந்தி இல்லை. ஃபேன் எழுந்த மெல்லிய கீச்சுச் சத்தம் செங்கோடனுக்கு மட்டும் கேட்டது, தூங்குகிற வீட்டில் தாய் எழுந்திருக்கிற சத்தம்போல, அடுத்து டர்போ, இரண்டும் தோளோடு தோள் ஒட்டி நின்ற அந்தக் கொஞ்ச நேரம், பிறகு ஒன்று நகர்ந்தது, எப்போது நகர்ந்தது என்று கட்டியவனுக்கே தெரியவில்லை. பேருந்து ஒரு விரற்கடைகூடப் பின்னால் வரவில்லை. நேராக மேலே ஏறியது. டொக் என்ற சத்தத்துக்காக அவன் உடம்பு முழுக்கக் காத்திருந்தது, அந்தச் சத்தம் வரவே இல்லை, வராத சத்தம் முழங்கையில் வந்து தொட்டது, அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. வளைவு முடிந்து சாலை நேரானபோது மேடம் தன் கையைப் பார்த்தார். மூடியில் தேநீர் சிந்தாமல் அப்படியே இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடித்தார், கடைசிச் சொட்டுவரை. "ஆறிப்போச்சு" என்றார். அப்புறம், "சைபராவே இருக்கட்டும். கமிட்டிய நான் பாத்துக்கறேன். இந்த வளைவுக்கு அவங்களைக் கூட்டிட்டு வரேன், ஆளுக்கொரு டீயோட."

"ஏனுங்க மேடம்," என்றார் கருமண்ணன் கண்ணாடியைப் பார்த்தபடி, குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாம பாட்டுக்கு வந்துட்டம். மாதேஷக் காணமுங்க."

மூன்று பேரும் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். கீழே, முக்குகிற வளைவின் நடுவில், மாதேஷ் குனிந்த நிலையிலேயே இருந்தார். கையில் கட்டை. எதிரே சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ரோடு. கட்டையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மேலே போய்க்கொண்டிருக்கிற பேருந்தைப் பார்த்தார், பிறகு கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் விரித்து என்னவோ சத்தம் போட்டார். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். கருமண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். மாதேஷ் மூச்சிரைக்க ஏறி வந்து, "ஏனுங்கண்ணா, கட்டைய வெக்கவுடாம வண்டிய எடுத்தா எப்படிங்? இத்தன வருசத்துல எந்த வண்டியாச்சும் என்ன வுட்டுட்டுப் போயிருக்குதா?" என்று கேட்டுவிட்டு, கட்டையை இருக்கைக்கு அடியில் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு முன்வரிசை மூட்டையின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். வண்டி கிளம்பியது. சிரிப்பு ஓய்ந்தது. அறுபத்து நான்கு போயிற்று, அறுபத்தைந்து போயிற்று, மேடம் சிக்னல் கிடைத்து யாரிடமோ பேச ஆரம்பித்தார், மாதேஷ் வேர்வையைத் துடைத்து முடித்தார். அறுபத்தாறாவது வளைவில் செங்கோடனுக்குச் சிரிப்பு வந்தது. குனிந்த மாதேஷும், சக்கரம் இல்லாத ரோடும், கட்டையும், எல்லாம் அப்போதுதான் உள்ளே போய்ச் சேர்ந்திருந்தன. கணினியை மூடிக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். யாரும் சிரிக்காத வண்டிக்குள் அவன் ஒருவன் மட்டும், மூட்டைகளுக்கு நடுவில், அப்படிச் சிரித்தான்.

கருமண்ணன் கண்ணாடியில் பார்த்தார். "என்னங்க சார், இப்பத்தான் எரியுதுங்களா?"

"ஆமாங்கண்ணா," என்றான் செங்கோடன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த வண்டியில இனிமே லேட்டு நான் ஒருத்தன்தான்."